உங்களுக்குத் தெரியுமா? மயிர் எப்போது வசவானது?

இன்று 'மயிரு' என்றால் அடிதடி. ஆனால் திருவள்ளுவர் இதே சொல்லை, அதுவும் 'மானம்' அதிகாரத்திலேயே, 964, 969 ஆகிய இரு குறள்களில் கூசாமல் ஆள்கிறார். நிலை தாழ்ந்தவர்கள் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்குச் சமம் என்பது 964-ஆம் குறளின் கருத்து. உதிர்ந்தால் மதிப்பில்லை என்ற அந்த நினைப்பு இன்றைய வசவிலும் ஒளிந்திருக்கிறது. பேச்சில் 'முடி' வந்து உட்கார்ந்ததும் மயிருக்கு மரியாதையான வேலை குறைந்துபோய், கோபத்துக்கு உதவுவதே பிழைப்பாகிவிட்டது. மலையாளத்திலும் இதே கதிதான். வேடிக்கை என்னவென்றால், 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று செய்தித்தாளில் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை!

நாகரிகமான மாற்றுச் சொல்லும் நெடுநாள் தாங்காது. டச்சுக்காரர்கள் வழியே வந்த 'கக்கூஸ்' கொச்சையாகிவிட, கழிப்பறை, பாத்ரூம், ரெஸ்ட்ரூம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம்.

அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. நன்னூல் போன்ற பிற்கால இலக்கணங்கள் அதை 'இடக்கரடக்கல்' என்கின்றன. வெளிக்குப் போய்வந்ததைக் 'கால் கழுவி வந்தேன்' என்பது அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம்.