கம்பெனியில் பழகிய ஒழுங்கு வீட்டுக்கும் உதவும்

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களிடம் ‘ஃபைவ் எஸ்’ என்றால் விளக்கம் தேவைப்படாது. 1998-இல் ஹூண்டாயும் 2010-இல் ரெனோ–நிசானும் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் வரிசையாக வந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியிலேயே ஜப்பானியர் வகுத்த அந்த ஐந்து படிகளையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்: வேண்டாததை விலக்கு, வேண்டியதற்கு இடம் குறி, துடைத்து வை, எல்லாரும் ஒரே முறையில் செய், விடாமல் செய். இவற்றில் முதல் இரண்டு மட்டும் வீட்டுக்கு வந்தால்கூட மாதச் செலவும் குப்பையும் கண்ணுக்குத் தெரியக் குறையும்.

வீட்டில் வீணாவதில் பெரும்பகுதி, இருக்கிறது என்று தெரியாமல் மறுபடி வாங்கியதுதான். அலமாரியின் பின்வரிசையில் அரை கிலோ உளுந்து கிடக்கும். அது கண்ணில் படாததால் இன்னொரு பாக்கெட் வரும். பழையதில் வண்டு விழுந்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகக் கைக்குக் கிடைக்கும்.

இதற்கு அசெம்பிளி லைனில் ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே அளவு போல்ட் இரண்டு பெட்டிகளில் இருக்கும். முன்பெட்டி காலியானால், அந்தக் காலிப்பெட்டியே ‘சரக்கு அனுப்பு’ என்ற தகவல். புதுச் சரக்கு வரும்வரை பின்பெட்டி ஓடும். யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, பட்டியலும் எழுத வேண்டியதில்லை. இரட்டை சிலிண்டர் இணைப்பு உள்ள வீடுகளில் கேஸுக்கு நாம் செய்வதும் இதுவே: ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு, உடனே பதிவு செய்கிறோம். பருப்பு, எண்ணெய், சோப்புத்தூள் மூன்றுக்கும் இதை விரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு டப்பா. முதல் டப்பா காலியானால் மட்டும் கடைக்குப் போக வேண்டும். புதிதாக வாங்கியதைப் பழையதன் மேல் கொட்டாமல், காலியான டப்பாவைத் துடைத்து உலர்த்தி அதில் நிரப்புங்கள். பழையது முதலில் தீரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரவை, கடலைமாவு வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இடம் குறிப்பது ஷிஃப்ட் வேலை நடக்கும் வீட்டில் இன்னும் முக்கியம். ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கும்போது இன்னொருவர் கிளம்புவார். அடையாள அட்டை, ஷூ, டிபன் பாக்ஸ், வண்டிச் சாவி நான்கும் வாசல் பக்கம் ஒரே இடத்தில் இருந்தால் விளக்குப் போடாமல் எடுத்துக்கொண்டு போகலாம். கம்பெனி பஸ் காத்திருக்காது. தூங்குபவரின் தூக்கமும் கலையக் கூடாது. சான்றிதழ்கள், ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுக்குத் தண்ணீர் புகாத ஒரு உறையும் மேல்தட்டில் ஓரிடமும் ஒதுக்குங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்துவிட முடியாது.

பகலிலும் ஆள் தூங்கும் வீட்டில் மின்விசிறி கிட்டத்தட்ட நாள் முழுக்க ஓடும். பழைய வகை விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட் அளவில் ஓடுவதால் அதே நேரத்துக்கு 36 யூனிட்தான் ஆகும். தனி மீட்டர் இருந்தால் 500 யூனிட் எல்லையையும் கவனியுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு அதைத் தாண்டினால், 101-லிருந்து 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் லைன் வீடுகளில் முதல் யூனிட்டிலிருந்தே காசுதான்.

தண்ணீர் பற்றி ஒன்று மட்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தரும்போது பொதுவாக இரண்டு, மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளுகிறது. அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விடுங்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அது போதும். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள்.

குப்பையைப் பிரிப்பதும் இடம் குறிக்கும் வேலைதான். மக்கும் குப்பைக்கு ஒரு கூடை, மக்காததற்கு ஒன்று, பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரைக்குத் தனியாகச் சிறு டப்பா. கறிகாய்த் தோலோடு நாப்கினும் பாலித்தீனும் கலந்துவிட்டால் அதைக் கையால் பிரிக்க வேண்டியவர் தூய்மைக் காவலர். தெரிந்தும் அந்த வேலையை அவர் தலையில் வைப்பது அநியாயம்.

ஆனால் ஆடிட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மதிப்பெண் போட்டு, குறை சொல்லிக்கொண்டு யாரும் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. குழந்தையின் விளையாட்டுச் சாமான் கொஞ்சம் சிதறிக் கிடக்கட்டும்.

கம்பெனியிலிருந்து அவசியம் கொண்டுவர வேண்டியது வேறொன்று. ஷிஃப்ட் முடியும்போது அவரவர் ஸ்டேஷனை அவரவரே துடைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அடுத்தவர் வந்து துடைக்கட்டும் என்று விட முடியாது. அதே ஆள் வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால், இதுவரை சொன்ன ஒழுங்கு முழுவதும் அம்மாவின் அல்லது மனைவியின் கூடுதல் வேலையாகிவிடும். ரூமில் நான்கு பேர் தங்கியிருந்தாலும் இதே கணக்குதான். வரும் வார விடுமுறையில் எல்லாரும் உட்கார்ந்து சமையல் மேடை, குளியலறை, வாசல், குப்பைக்கூடை நான்கையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சமையல் மேடையிலிருந்து தொடங்கட்டும்.