விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது?

ஊரிலிருந்து யாராவது நம் வீட்டுக்கு வந்தால் பை நிறையச் சாமான் வரும். அப்பளம், வடாம், நார்த்தங்காய் ஊறுகாய், காபிப் பொடி. இவற்றோடு மாத்திரை அட்டைகளும் வருவது நமக்குப் பழகிப்போன விஷயம். "நம்ம ஊர் டாக்டர் கொடுத்தது. ரெண்டே நாளில் மூட்டுவலி விட்டுப் போச்சு. நீயும் போட்டுக்கோ" என்று அத்தை சொல்வார். அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் அதே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை, மூன்றாமவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. "எல்லாம் உடம்புவாகு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்த உடம்புவாகை அளக்க முடியுமா? முடியும். அதற்கென்றே ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அந்த வேலை கற்றுக் கொடுத்த பாடம். மருந்து விஷயத்திலும் அதே பாடம்தான் என்று படித்தபோது, நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

தொட்டிக் கணக்கு

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் பெரிய ஸ்டேஷன்களில் உயரமான தண்ணீர்த் தொட்டி நிற்கும். ஒரு குழாய் வழியே தண்ணீர் ஏறும், மற்றொரு குழாய் வழியே இறங்கும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது இரண்டு குழாய்களையும் பொறுத்தது.

நம் ரத்தத்தை அந்தத் தொட்டியாக நினைத்துக் கொள்ளுங்கள். விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. இது உள்ளே வரும் குழாய். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் நேராக உடம்பெங்கும் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே சில மருந்துகளில் பெரும்பகுதி சிதைந்துவிடும். நெஞ்சுவலிக்குச் சில மாத்திரைகளை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். அங்கிருந்து மருந்து கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் மாற்றியதையும் மாற்றாததையும் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்புகிறது. ஆக, கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்துதான் வெளியேற்றும் குழாய்.

தொட்டியில் மருந்தின் மட்டம் குறைந்தால் நோய் அடங்காது. மிஞ்சினால் மருந்தே விஷமாகும். இரண்டுக்கும் நடுவில் மட்டத்தை நிறுத்துவதுதான் டாக்டர் எழுதும் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்ற கணக்கு.

எப்படி அளக்கிறார்கள்?

மருந்தை அளக்கச் சம்மதம் கொடுத்த தன்னார்வலர்கள் இரவு முழுவதும் பட்டினி இருந்து காலையில் மாத்திரையை விழுங்குவார்கள். பிறகு குறித்த நேரங்களில், முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும், கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுப்பார்கள். ரத்த அணுக்களை நீக்கி, மிஞ்சும் பிளாஸ்மாவில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கருவி சொல்லும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்கூட இன்றைய கருவிகள் அளந்துவிடும்.

அந்த எண்களை வரைபடத் தாளில் குறித்தால் கோடு மளமளவென்று ஏறி, உச்சத்தைத் தொட்டு, மெல்ல இறங்கும். கோட்டுக்கு அடியில் இருக்கும் பரப்பு, மொத்தம் எவ்வளவு மருந்து ரத்தத்தில் உலவியது என்பதைக் காட்டும். அந்தப் பரப்பைக் கணக்கிடச் சரிவக விதியைப் பயன்படுத்துகிறார்கள். ரயில் பாதைக்கு மண் கரை போடும்போது எத்தனை கன அடி மண் வேண்டும் என்று நாங்கள் கணக்குப் போட்ட அதே விதி! கரையை அளந்த கணக்கு கல்லீரலையும் அளக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

விலை குறைந்த ஜெனரிக் மாத்திரை, பெயர் பெற்ற கம்பெனி மாத்திரைக்குச் சமமா என்பதையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். இரண்டின் உச்சத்தையும் பரப்பையும் ஒப்பிட்டு, புள்ளியியல் கணக்குப்படி அந்த விகிதம் 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்கினால் சமம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

பாதியாகும் நேரம்

இறங்கும் கோட்டில் இன்னொரு ரகசியம் இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பாதியாகக் குறையும். இதை அரை ஆயுள் என்கிறார்கள். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலுக்கு இது 2 முதல் 3 மணி நேரம். தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கோ ஏறக்குறைய 7 நாள்!

ஐந்து முறை பாதியானால் மிஞ்சுவது 3 சதவீதம்தான். அதேபோல் தினமும் சாப்பிடும் மருந்து ஒரு நிலையான மட்டத்துக்கு வரவும் ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள் ஆகும். தைராக்சின் அளவை மாற்றிய டாக்டர், "6 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்வதன் கணக்கு இது. பத்தாம் நாளே "ஒன்றும் மாறவில்லையே" என்று டாக்டரை மாற்றுவதில் பயனில்லை.

சேத்துப்பட்டு சொன்ன பாடம்

உடம்புவாகு என்பது வெறும் பேச்சல்ல என்று காட்டியது ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்து. 1952இல் புழக்கத்துக்கு வந்த இந்த மருந்தை எல்லோருக்கும் உடல் எடைக்கேற்பக் கொடுத்து, 6 மணி நேரம் கழித்து ரத்தத்தை அளந்தார்கள். 1960இல் வெளியான ஆய்வில் மனிதர்கள் தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம் சிலருக்கு வேகமாகவும், சிலருக்கு மெதுவாகவும் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. வேகமானவர்களுக்கு அரை ஆயுள் ஏறக்குறைய 1 மணி நேரம், மெதுவானவர்களுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 மணி நேரத்தில் முன்னவருக்கு ஆறு முறை பாதியாகி 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும், பின்னவருக்கு நாலில் ஒரு பங்கு இருக்கும்! இது பரம்பரையாக வருவது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு வகை, தம்பி இன்னொரு வகையாக இருக்கலாம். முகத்தைப் பார்த்தோ உடல்வாகைப் பார்த்தோ சொல்ல முடியாது.

இதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே நோய் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. மாத்திரையை உண்மையில் விழுங்கினார்களா என்று அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள்! பிறகு ஊசியோடு சேர்த்து இந்த மருந்தை வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தை வேகமாகச் செலவழிக்கும் உடம்புக்காரர்களுக்குக் குணம் குறைவாகத் தெரிந்தது. வாரம் இரு முறை கொடுத்தபோது அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. இடைவெளி நீளும்போதுதான் உடம்புவாகு தன் வேலையைக் காட்டுகிறது. மெதுவான உடம்புக்காரருக்கு வேறு தொல்லை: மருந்து அதிக நேரம் தங்குவதால் கை கால் மரத்துப் போகலாம். அதற்குத்தான் வைட்டமின் பி6 கொடுக்கிறார்கள். 2017இல் நம் நாட்டு அரசுத் திட்டத்தில், வாரம் மூன்று முறை என்றிருந்த காசநோய் மருந்து தினசரி மருந்தாக மாற்றப்பட்டது.

நான் வேலையில் இருந்தபோது, லைனில் இருந்த ஒரு கேங்மேன் இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் நோய் திரும்ப வந்தது, முன்னைவிடக் கடுமையாக. நீண்ட சிகிச்சை, நீண்ட விடுப்பு, பாதிச் சம்பளம். இருமல் நிற்பது நோயின் முடிவல்ல. மருந்தின் மட்டம் குறையாமல் கடைசி நாள் வரை இருந்தால்தான் கிருமி அழியும்.

நாம் செய்ய வேண்டியவை

தைராய்டு மாத்திரையைக் காலை பில்டர் காபியோடு விழுங்காதீர்கள். காபி அதை ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடி செய்து தாத்தா பாட்டிக்குக் கொடுக்காதீர்கள். நாள் முழுவதுக்கும் உரிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

வயதானால் சிறுநீரகத்தின் வேகம் குறையும். 40 வயதில் ஒத்துக்கொண்ட அளவு 75 வயதில் மிஞ்சிப் போகலாம். பழைய சீட்டை வைத்துக்கொண்டு கடையில் வாங்காதீர்கள்.

ஒரு மருந்து இன்னொரு மருந்தின் குழாயைத் திறந்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் வேகத்தைக் கூட்டிக் கருத்தடை மாத்திரையையும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினையும் வலுவிழக்கச் செய்யும். ஊரில் ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர் என்று இருக்கும் நம் பெற்றோர் விஷயத்தில் இது மிக முக்கியம். அவர்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பயணப் பையில் வையுங்கள். நாட்டு மருந்தும் அதில் இருக்கட்டும். எந்த ஊர் டாக்டரானாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

அத்தை கொண்டு வரும் வடாமைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். மாத்திரையை மட்டும் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது அவர் உடம்புக்கு அளந்து கொடுத்தது.