கெமோமில் விதையைப் புதைக்கலாமா?

மாணவர்களே, பயிற்றங்காய் விதையை எப்படி நடுவோம்? விரலால் குழி செய்து, விதையைப் போட்டு, மண்ணால் மூடுவோம். எங்கள் பள்ளித் தோட்டத்தில் கெமோமில் விதைகளையும் அப்படியே நடச் சொன்னேன். மூன்று வாரம் நீர் ஊற்றியும் ஒரு செடிகூட முளைக்கவில்லை. “விதை கெட்டுப் போயிருக்கும்” என்று மாணவர்களிடம் சொன்னேன். உண்மையில் தவறு என்னுடையது.

கெமோமில் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. அதன் உலர்ந்த பூக்களை வெந்நீரில் ஊறவைத்துத் தேநீர் போலப் பருகுவார்கள். இதன் விதை கடுகைவிட மிகச் சிறியது. ஒரு கிராமில் பல ஆயிரம் விதைகள் இருக்கும். பயிற்றங்காய் விதையில் உள்ள உணவு, முளை மண்ணுக்கு மேலே வரும்வரை போதும். கெமோமில் விதையில் அவ்வளவு சேமிப்பு இல்லை. ஆழத்தில் முளைத்தால், ஒளிச்சேர்க்கை தொடங்கும் முன்பே உணவு தீர்ந்து நாற்று மடிந்துவிடும்.

ஆகவே, இவ்விதை ஒளி கிடைக்கும்போதுதான் நன்றாக முளைக்கிறது. விதையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உள்வாங்கி வடிவம் மாறுகிறது. அந்த மாற்றமே முளைப்பதைத் தூண்டுகிறது.

இதை விளக்கியபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், புதைத்த விதைக்கு மேலே மண்ணும் இருந்தது, இருட்டும் இருந்தது. எது தடுத்தது என்று எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. எனவே, மூன்று பூச்சாடிகளை எடுத்தோம். முதல் சாடியில் விதைகளை ஈர மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டோம். இரண்டாவதிலும் அப்படியே தூவி, கறுப்புப் பெட்டியால் மூடினோம். மூன்றாவதில் 1 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தோம். பெட்டியைத் திறக்காமலே ஈரம் கிடைக்க, மூன்றையும் நீர்த்தட்டில் வைத்தோம். மண், விதைகளின் எண்ணிக்கை, இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

பத்தாம் நாள் முதல் சாடியில் பச்சை நாற்றுகள் நிறைந்திருந்தன. இரண்டாவதில் ஓரிரண்டு மட்டுமே, மூன்றாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவது சாடியில் விதைக்கு மேலே மண்ணே இல்லை. ஆக, இருட்டு மட்டுமே முளைப்பதைத் தடுக்கப் போதுமானது என்று அறிந்தோம்.

வீட்டில் வளர்க்க விரும்பினால், நீர் தேங்காத மண்ணைப் பயன்படுத்துங்கள். விதைகள் அடித்துச் செல்லாதபடி நீரைத் தெளியுங்கள். கெமோமில் குளிர்ச்சியை விரும்பும் செடி. கேமரன் மலையில் எளிதாக இருக்கும். மற்ற இடங்களில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடத்தில் வையுங்கள்.

பூத்ததும் ஒரு பூவை நெடுக்காக வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மஞ்சள் பகுதி முழுவதும் குட்டிக் குட்டிப் பூக்கள்! அதாவது, நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூங்கொத்து. ஜெர்மன் கெமோமிலாக இருந்தால், அதன் நடுமேடு உள்ளே கூடாக இருக்கும்.

சாமந்தி வகைப் பூக்களால் ஒவ்வாமை உள்ளவர்களும் தினமும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கெமோமில் தேநீர் பருகக் கூடாது.

அடுத்த முறை ஒரு விதை முளைக்காவிட்டால், என்னைப் போல உடனே விதையைக் குறை சொல்லாதீர்கள். இன்னொரு சாடியை எடுத்து, ஒரே ஒரு மாறியை மாற்றிப் பாருங்கள்.