கைக்காசு சினிமா – 6: ஏழாயிரம் டாலருக்குள் எது அடக்கம்?

16 எம்.எம். கேமராவில் ஒரு நிமிடக் காட்சி எடுக்க 36 அடி ஃபிலிம் ஓட வேண்டும். 35 எம்.எம். கேமராவில் அதே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. 1923இல் கோடக் நிறுவனம் அமெச்சூர்களுக்காகக் கொண்டுவந்த ஒல்லிச் சுருள், கையில் காசில்லாத இயக்குநர்களின் அடைக்கலமாக மாறியதற்கு இந்தக் கணக்குதான் முக்கியக் காரணம். அதற்காக அது மலிவு என்று சொல்லிவிட முடியாது. 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுருள் வாங்க ஒரு செலவு, லேபில் கழுவ ஒரு செலவு, கழுவியதைத் தொகுப்பதற்காக வீடியோவுக்கு மாற்ற இன்னொரு செலவு. நடிகர் வசனத்தில் தடுக்கி இன்னொரு டேக் போனால் மூன்று பில்லும் சேர்ந்தே ஏறும்.

கையிலிருக்கும் பணமெல்லாம் இந்த மூன்று பில்லுக்கே போகட்டும், மற்றதெல்லாம் இரவல் என்று முடிவெடுத்துப் படம் எடுத்தவர் ராபர்ட் ரோட்ரிகஸ். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் கல்லூரி மாணவராக இருந்தவர். 1991இல் அங்கிருந்த மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்றில் ஒரு மாதம் தங்கினார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் புது மருந்தைத் தன் உடம்பில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்ததற்குக் கிடைத்த கூலி 3,000 டாலர். அங்கே அடைந்து கிடந்த நாட்களில் திரைக்கதையை எழுதினார். அந்த மையத்தில் அறிமுகமான பீட்டர் மார்க்வார்ட்டையே வில்லனாகவும் போட்டார். மார்க்வார்ட்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது. வசனங்களை ஒலியாக மட்டும் மனப்பாடம் செய்து பேசினார்.

அந்தப் படம்தான் ‘எல் மரியாச்சி’. மருந்துச் சோதனைக் கதை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. புதிதாகப் படமெடுக்க வருகிறவர்கள் அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது, அவர் கதை எழுதிய முறையை. நண்பரும் நாயகனுமான கார்லோஸ் கயார்தோவின் ஊர், மெக்சிகோ எல்லையோரத்து சியுதாத் அகூன்யா. அந்த ஊரில் கேட்டால் கிடைக்கக்கூடியவை எவை என்று முதலில் யோசித்தார்கள். மது விடுதி, பண்ணை வீடு, பேருந்து, ஒரு நாய், கிட்டார் பெட்டி. இவற்றுக்குள்ளேயே கதை அடங்கியாக வேண்டும். கிட்டாரும் கையுமாக வேலை தேடி ஊருக்குள் வரும் பாடகன் ஒருவனை, பெட்டி நிறைய ஆயுதத்தோடு அலையும் கொலையாளி என்று நினைத்து ரவுடிகள் துரத்துகிறார்கள். துப்பாக்கி உள்ளூர் போலீசிடம் இரவல். டிராலி கிடையாது, உடைந்த சக்கர நாற்காலி ஒன்றில் இயக்குநரே கேமராவோடு உட்கார்ந்துகொள்ள, அந்தக் காட்சியில் நடிக்காத யாராவது தள்ளிக்கொண்டு போனார்கள். விளக்கு என்று இருந்தவை கிளிப் மாட்டிய மேசை விளக்குகள் இரண்டு. கிளாப் பலகை காட்டினால் அதற்கும் ஃபிலிம் ஓடும் என்பதால், காட்சி எண்ணை நடிகர்கள் விரலால் காட்டினார்கள்.

கேமராவும் இரவல்தான். ஆரிஃப்ளெக்ஸ் 16 எஸ். தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். படம் ஓடும்போதே ஒலிப்பதிவு செய்ய வழியில்லை. எனவே முதலில் காட்சியை மௌனமாக எடுத்தார். எடுத்து முடித்த கையோடு கேமராவை நிறுத்திவிட்டு, நடிகர்களின் வாய்க்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து அதே வசனத்தைச் சாதாரண கேசட் ரெக்கார்டரில் பேச வைத்தார். பிறகு வீட்டில் உட்கார்ந்து உதட்டசைவோடு குரலைப் பொருத்தினார். இரண்டு வார்த்தைக்குப் பொருந்தும், மூன்றாவது வார்த்தையில் விலகும். விலகும் இடத்தில் வெட்டி எதிராளியின் முகத்துக்கோ நாய்க்கோ போய்விடுவார். விமர்சகர்கள் கொண்டாடிய அந்தத் துடிப்பான படத்தொகுப்பில் பாதி, ஒலி பொருந்தாததால் போட்ட வெட்டுகள். நெகட்டிவை வெட்டிப் பிரிண்ட் போடும் செலவுக்கும் அவர் போகவில்லை. ஸ்பானிஷ் வீடியோ கடைகளுக்கு விற்பதுதான் திட்டம் என்பதால் டேப்பிலேயே தொகுத்தார். மொத்தச் செலவு 7,000 டாலர் சொச்சம்.

கேட்டால் கிடைக்கும் இடத்தில் கதையை உட்கார வைக்கும் இதே வேலையை நியூஜெர்சியில் கெவின் ஸ்மித் செய்தார். பகலில் தான் வேலை பார்த்த க்விக் ஸ்டாப் என்ற மளிகைக் கடையிலேயே, கடை மூடிய பிறகு இரவுகளில் ‘கிளர்க்ஸ்’ படத்தை 16 எம்.எம். கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கதையோ பகலில் நடக்கிறது. ஷட்டரைத் திறந்தால் வெளியே இருட்டு தெரியும். பூட்டில் யாரோ சூயிங் கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே ஒரு காரணத்தைச் சேர்த்துவிட்டார். செலவு 27,575 டாலர். கிரெடிட் கார்டுகளை அவற்றின் எல்லைவரை தேய்த்ததும், சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றதும் அந்தப் பணத்தில் அடக்கம். அவருக்குப் படம் கைகொடுத்தது. கிரெடிட் கார்டில் படமெடுத்து, அது விலைபோகாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

மாதச் சம்பளக்காரர்கள் பின்பற்றக்கூடிய வழி லண்டனில் கிறிஸ்டோபர் நோலன் காட்டியதுதான். ‘ஃபாலோயிங்’ படத்துக்கு அவர் யாரிடமும் மொத்தமாகப் பணம் கேட்கவில்லை. நடிகர்கள் எல்லோரும் வேறு வேலையில் இருந்தார்கள். எனவே படப்பிடிப்பு சனிக்கிழமைகளில் மட்டும். ஒரு சனிக்கிழமைக்குக் கால் மணி நேர ஃபிலிம். அதை வாங்கிக் கழுவ ஒரு வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தால் போதும். இப்படி ஏறத்தாழ ஒரு வருடம் ஓடியது. மேடை நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததால் பெரும்பாலும் ஒரு டேக், மிஞ்சினால் இரண்டு. வீடுகள் நண்பர்களுடையவை, வெளிச்சம் ஜன்னல் வழியே வந்தது. நாயகன் ஜெரமி தியோபால்ட் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். செலவு சுமார் 6,000 டாலர். காலம் முன்பின்னாகக் கலைந்து வரும் அந்தக் கதையமைப்பு, மாதக்கணக்கில் விட்டுவிட்டு எடுத்த ஒரு படத்துக்கு நன்றாகவே பொருந்திப்போனது.

ஏழாயிரம், இருபத்தேழாயிரம், ஆறாயிரம். இந்த எண்களைப் படிக்கும் இளைஞர் இவ்வளவுதான் செலவு என்று நம்பிப் படத்தைத் தொடங்கிவிடுகிறார். நம்ப வேண்டாம். இவை படம் கைக்கு வந்து சேரும்வரையிலான செலவு. தியேட்டரில் ஓடுவதற்கான செலவு வேறு கணக்கில், வேறொருவர் பணத்தில் நடந்தது. ‘எல் மரியாச்சி’யை வாங்கிய கொலம்பியா பிக்சர்ஸ், 16 எம்.எம். நெகட்டிவை 35 எம்.எம்.முக்குப் பெரிதாக்கி, ஒலியைப் புதிதாகச் சீரமைக்க லட்சக்கணக்கான டாலரைச் செலவழித்த பிறகே 1993இல் வெளியிட்டது. ‘ஃபாலோயிங்’ படத்தை முடித்துக் கரையேற்றப் பணம் தந்தது நெக்ஸ்ட் வேவ் ஃபிலிம்ஸ். பாதியில் நிற்கும் சிறு படங்களுக்கு முடிப்புத் தொகை கொடுப்பதற்கென்றே அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ‘கிளர்க்ஸ்’ படத்தின் பாடல்களுக்கு உரிமை வாங்க ஆன தொகையோ படமெடுத்த செலவையே தாண்டிவிட்டது.

சம்பளம் வாங்காமல் உழைத்தவர்களின் நாட்களும் இந்த எண்களில் இல்லை. அந்த உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கணக்கில் ஒரு வரியாகவாவது எழுதி வைப்பதும், படம் விற்றால் யாருக்கு எவ்வளவு என்று படப்பிடிப்புக்கு முன்பே காகிதத்தில் பேசிக்கொள்வதும்தான் நியாயம்.

முடிப்புச் செலவு ஒரு படத்தை எவ்வளவு காலம் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் என்பதற்கு சார்ல்ஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ சாட்சி. லாஸ் ஏஞ்சல்ஸில் அன்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாட்ஸ் பகுதியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது வார இறுதிகளில் அவர் எடுத்த 16 எம்.எம். படம் இது. நடித்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தினர். செலவு 10,000 டாலருக்கும் குறைவு. ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்துக் களைத்துப்போன ஒரு மனிதனின் வீட்டையும் தெருவையும் இவ்வளவு கரிசனத்தோடு பார்த்த அமெரிக்கப் படங்கள் மிகக் குறைவு. 1977இல் முடிந்த படத்தில் டைனா வாஷிங்டன், பால் ரோப்சன், லூயி ஆம்ஸ்ட்ராங் குரல்களும் இசையும் ஒலிக்கின்றன. பல்கலைக்கழகப் பட்டத்துக்காக எடுத்த படம் என்பதால் எதற்கும் உரிமை வாங்கியிருக்கவில்லை. அதனால் தியேட்டரில் திரையிட முடியவில்லை. 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற பிறகும், வேண்டியவர்கள் தேடிப்பிடித்துப் பார்க்கும் படமாகவே இருந்தது. கடைசியில் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் அதைப் புதுப்பித்து 35 எம்.எம்.முக்குப் பெரிதாக்கியது. இசை உரிமைகளுக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆயிற்று. மைல்ஸ்டோன் நிறுவனம் 2007இல் அதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. அதற்குள் 30 வருடம் ஓடியிருந்தது.

(தொடரும்)

அடுத்த வாரம்: ‘அக்ரகாரத்தில் கழுதை’யைத் தமிழில் தந்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் மக்களிடம் பணம் திரட்டி ‘அம்ம அறியான்’ எடுத்த கதை.