காதின் பின்புறத்து வீக்கம்

ஜலதோஷத்தோடு குழந்தைகளுக்குக் காதுவலி காண்பது சாதாரணம். பெரும்பாலும் அது சில தினங்களில் தணிந்துவிடும். ஆகையால் காதில் சீழ் வடிந்தாலும் அதை ஒரு வியாதியாகப் பலர் மதிப்பதில்லை. ஆனால் சிற்சில சமயங்களில் அச்சீழ் காதின் பின்னுள்ள எலும்பில் புகுந்து உயிருக்கே அபாயம் விளைவிக்கிறது. இதனைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

காதின் பின்னால் விரலை வைத்தால் மேடான ஓர் எலும்பு தட்டுப்படும். இதற்கு மாஸ்டாய்டு எலும்பு என்று பெயர். இதனுள் தேன்கூட்டைப் போல் சிறு காற்றறைகள் உண்டு. அவை செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுக்காதோடு தொடர்புள்ளவை. நடுக்காதில் தங்கிய சீழ் இவ்வறைகளில் நிறைந்து எலும்பை அரிக்கத் தொடங்குவதே இவ்வியாதி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அதிகமாக வருகிறது, பெரியவர்களுக்கும் வரக்கூடும்.

இதன் அறிகுறிகளாவன: காதின் பின்புறம் சிவந்து வீங்கும், தொட்டால் வலிக்கும், காதுமடல் முன்பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும், மடலுக்குப் பின்னுள்ள மடிப்பு மறைந்துபோகும். ஜுரமும் காது மந்தமும் இருக்கும். கைக்குழந்தையாயின் ஓயாமல் அழும், பால் குடிக்காது.

இதைப் பொன்னுக்கு வீங்கி என்று எண்ணி ஏமாறுவதுண்டு. பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதின் முன்னும் கீழும் தாடையோரமாக இருக்கும். தலைப்புண்ணினால் நெறி கட்டினால், சிறு உருண்டையாக விரலுக்கு நகர்ந்து கொடுக்கும். எதுவாயினும் நிச்சயிக்க வேண்டியவர் டாக்டரே. காய்ச்சிய எண்ணெயையும் பச்சிலைச் சாற்றையும் காதில் விடுதல் கூடாது. வீக்கத்தின்மேல் பற்றுப் போட்டுப் பழுக்கட்டும் என்று காத்திருத்தலும் கூடாது. சீழ் வெளிப்புறமாக உடையாமல் உட்புறமாக மூளையை நோக்கிச் செல்லலாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்ப்பார், இரத்தத்தையும் சீழையும் சோதிப்பார், வேண்டுமாயின் ஸி.டி. ஸ்கான் எடுக்கச் செய்வார். நோயாளியை உள்ளே சேர்த்து, ஆன்டிபயாடிக் மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்துவார்கள். அவசியமானால் செவிப்பறையில் சிறு துவாரமிட்டுச் சீழை வெளியேற்றுவார்கள். அதிலும் குணப்படாவிடில் எலும்பைத் திறந்து சுத்தம் செய்வார்கள். இவ்வாபரேஷன் முறையை 1873-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஷ்வார்ட்ஸே என்னும் டாக்டர் விவரித்து வெளியிட்டார். பெனிஸிலின் 1928-ல் கண்டுபிடிக்கப்பட்டு, பிற்பாடு வழக்கத்திற்கு வருமுன் இதுவே முக்கிய சிகிச்சையாயிருந்தது. அப்படியும் பலர் மாண்டனர்.

வீடு திரும்பியபின் கவனம் குறைதல் கூடாது. வலியும் ஜுரமும் நின்றவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். கடனில் சில தவணைகளைக் கட்டி மீதியை விட்டால் பாக்கி எப்படி வளருமோ, அப்படியே எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். டாக்டர் குறித்த நாள்வரை மருந்து கொடுக்க வேண்டும். அவர் அனுமதிக்கும்வரை காதில் ஜலம் படலாகாது. குளத்திலும் கிணற்றிலும் நீந்தலாகாது. புண் ஆறியபின் கேட்கும் சக்தியைச் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

நிமோகாக்கஸ் என்னும் கிருமி இவ்வியாதிக்கு ஒரு முக்கிய காரணம். அதற்கான தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு 6-வது வாரத்திலும், 14-வது வாரத்திலும், 9-வது மாதத்திலும் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தவறவிடலாகாது.

அறுப்பு முடியட்டும், சந்தை கழியட்டும் என்று நாள் கடத்துவதே நம் வழக்கம். காதின் பின் வீக்கம் கண்டால் அன்றே புறப்பட வேண்டும். கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, முகம் ஒருபுறம் கோணுதல், மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்றும் பாராமல் 108-ஐ அழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினர்களும் அறியும்படி, பஞ்சாயத்தார் இதனைச் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவார்களாக.