பிள்ளை வளர்ந்துவிட்டால் மருத்துவ வசதி நின்றுவிடுமா?

சொந்த ஊருக்குத் திரும்பும்போது 18 வயதைக் கடந்த பிள்ளைகளும் உங்களுடன் வரக்கூடும். ஒருவர் வலிப்புக்கு மருந்து எடுப்பவராக, இன்னொருவர் காயத்தினால் உடல் இயலாமற் போனவராக இருக்கலாம். "இவரை எங்கள் பெயரோடு சேர்த்தால்தான் வைத்தியம் கிடைக்குமா?" என்ற கேள்வி உங்களுக்கு எழுவது இயல்பு. அதற்கான விளக்கம் இது.

அரச வைத்தியசாலையில்

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அதற்குக் காப்புறுதி தேவையில்லை. பெற்றோரின் பெயரோடு பிள்ளையைச் சேர்க்கவும் தேவையில்லை. எந்த வயதினரும் தம் பெயரிலேயே சிகிச்சை பெறலாம். அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காக நோயாளியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாகப் பின்னர் விண்ணப்பிக்கலாம். அவசர நேரத்தில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கிளினிக்கை மாற்றுதல்

தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்கு இதுவே மிக முக்கியம். வலிப்பு, நீரிழிவு, மனநோய் ஆகியவற்றுக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே இடம்பெயர்ந்திருந்த ஊரை விட்டுப் புறப்படுமுன்:

• இப்போது செல்லும் கிளினிக்கில் ஊர் திரும்புவதைச் சொல்லி, மாற்றுக் கடிதம் கேளுங்கள்.
• கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, பரிசோதனை அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். போட்டோப் பிரதி எடுத்து வேறிடத்திலும் வையுங்கள்.
• பயணத்துக்கும் புதிய கிளினிக் நாள் வரைக்கும் போதுமான மருந்து கேட்டு வாங்குங்கள்.

ஊருக்கு வந்ததும், மருந்து முடியும்வரை காத்திராமல், அருகிலுள்ள வைத்தியசாலையில் கடிதத்தைக் காட்டிப் பதியுங்கள். அங்கே அந்த மருந்து இல்லாவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பும்படி வைத்தியரிடம் கேட்கலாம்.

பெற்றோர் அரச ஊழியராயின்

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உண்டு. இதைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றால், விதிகளுக்கு உட்பட்டுச் செலவை மீளப் பெறலாம். கணவன் அல்லது மனைவியுடன், திருமணமாகாத, தொழில் இல்லாத பிள்ளைகளும் வயதெல்லைக்கு உட்பட்டு இதில் அடங்குவர். வயதெல்லையும் கொடுப்பனவும் சுற்றறிக்கைகளால் மாறுவதால், உங்கள் அலுவலக விடய எழுதுநரிடம் இன்றைய விதியைக் கேளுங்கள். பிள்ளையின் பெயர் உங்கள் கோவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுடன் எழுத்தில் அறிவியுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெற விண்ணப்பிக்கலாம். சிகிச்சை முடிந்ததும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் நோய் நிர்ணய அட்டையையும் கவனமாக வைத்திருந்து, தாமதியாமல் ஒப்படையுங்கள்.

உழைக்க இயலாத பிள்ளை

அரச ஊழியரான தாயோ தந்தையோ இறந்தால், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் பொதுவாகப் பிள்ளையின் 26 வயது வரைதான். ஆனால் இயலாமையினால் உழைக்க முடியாத பிள்ளைக்கு அதன் பின்னும் கிடைக்க வழி உண்டு. இயலாமை எப்போது ஏற்பட்டது என்பதைக் காட்டும் பழைய மருத்துவப் பத்திரங்களே அப்போது கைகொடுக்கும். அவற்றை ஒருபோதும் எறியாதீர்கள்.

அரச தொழில் இல்லாத குடும்பங்களும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, இயலாமையுடையோருக்கான மாதாந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை போன்ற பெருஞ் செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரலாம்.

ஊர் வந்து கிராம அலுவலரிடம் பதியும்போது, வளர்ந்த பிள்ளைகள் உட்பட வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் கொடுங்கள். மேலே சொன்ன உதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவு உங்களுக்குத் தேவைப்படும்.