காலிச் சிரட்டையைப் பார்த்தது யார்?

குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அதிகாலையிலேயே பால்வெட்டு தொடங்கிவிடும். வெட்டுபவர் பட்டையைக் கீறி, கீழே சிரட்டை பொருத்திவிட்டு அடுத்த மரத்திற்குப் போவார். சில மணி நேரம் கழித்து வந்து பால் எடுப்பார். சிரட்டை காலி என்றால் அப்போதே தெரிந்துவிடும். ஆனால், பல நாட்கள் யாருமே எட்டிப் பார்க்காவிட்டால்?

கணிப்பொறி உலகில் அப்படி நடந்ததுண்டு. சர்வரில் உள்ள தகவல்களை நாள்தோறும் நகலெடுத்து வேறிடத்தில் வைப்பதே பேக்கப். குறித்த நேரத்தில் தானே இயங்கும்படி கட்டளைகளை எழுதி வைத்துவிட்டால் ஆள் தேவையில்லை.

கிட்லேப் என்பது உலகெங்குமுள்ள புரோகிராமர்கள் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் தளம். 2017 ஜனவரி 31 அன்று, அங்கே ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைத் தவறான சர்வரில் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 ஜிகாபைட்தான்! பேக்கப்பைத் தேடினார்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

காரணம் என்ன? அவர்களது போஸ்ட்கிரெஸ் தகவல்தளம் 9.6 ஆம் பதிப்புக்கு மாறியிருந்தது. நகலெடுக்க இயங்கிய கருவியோ 9.2. தன்னைவிடப் புதிய தளத்தை அந்தக் கருவி படிக்காது. பிழை காட்டி நின்றுவிடும். பிழையை அறிவிக்க மின்னஞ்சல் ஏற்பாடும் இருந்தது. ஆனால், அனுப்புநரை உறுதிப்படுத்தும் சான்று இல்லாததால் அந்த அஞ்சல்கள் ஏற்கப்படவில்லை.

நல்லவேளையாக, ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த நகல் ஒன்று இருந்தது. அதைக்கொண்டு மீட்டார்கள். இடையில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன.

வேறு விதமாகவும் ஏமாறலாம். தகவலைச் சுருக்கும் ஜிசிப் கருவி, உள்ளே எதுவும் வராவிட்டாலும் 20 பைட் கோப்பு ஒன்றை உண்டாக்கிவிடும். பெயரும் தேதியும் சரியாக இருக்கும்; உள்ளே ஒன்றுமிராது. ஆகவே கோப்பின் அளவையும் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி இயற்பியலில் உண்டு. ரயிலின் நீளம் முழுவதும் ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் அழுத்தம் குறைந்து பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பேக்கப்பையும் இவ்வாறே அமைக்கலாம். நகல் நன்றாக முடிந்ததும் மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி போகட்டும். உரிய நேரத்தில் செய்தி வராவிட்டால் அது எச்சரிக்கட்டும். அப்போது மௌனமே அபாய மணியாகிவிடும். சர்வரைப் புதுப்பித்த மறுநாள், நகலை வேறோர் இடத்தில் மீட்டுப் பார்ப்பதும் அவசியம்.

மாணவர்களே! உங்கள் வீட்டுப் படங்களைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருக்கிறீர்களா? இன்றே அதை வேறொரு கணிப்பொறியில் செருகி, நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். சிரட்டையில் பால் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.